டென்ஷன் ஆகாதீங்கம்மா

திண்டுக்கல் மெயின்ரோட்டில் பாத்திமா காலேஜைத் தாண்டி விளாங்குடிக்குள் இரண்டு தெரு நுழைந்தால் ஏதாவது ஒரு கிளினிக் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். உள்ளே ஐம்பது வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறார். 162-க்கு 98. "ரெண்டு நிமிசம் பேசாம உக்காருங்கம்மா, மறுபடி பாப்போம்." கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 146-க்கு 90. டாக்டர் இரண்டாவது எண்ணை எழுதிக்கொண்டு வழக்கமான வாக்கியத்தைச் சொல்கிறார்: "மாத்திரைய விடாமப் போடுங்க. டென்ஷன் ஆகாதீங்கம்மா."

"டென்ஷன் ஆகாத வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க டாக்டரம்மா, போயி ஒரு மாசம் இருந்துட்டு வர்றேன்."

இரண்டு எண்களுக்கும் நடுவில் 16 புள்ளி போய்விட்டது. அந்த இடைவெளியில் அவர் மருந்து எதுவும் சாப்பிடவில்லை, உடற்பயிற்சி செய்யவில்லை, உப்பைக் குறைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மனநிலை உடலைப் பாதிக்குமா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்களுக்கு ரத்த அழுத்தப் பட்டையை விட மலிவான பரிசோதனைக் கருவி கிடையாது.

இத்தாலியில் ஜியுசெப்பே மான்சியா என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1983-ல் இதை முறையாக அளந்து வெளியிட்டார்கள். 48 பேருக்கு ரத்தக்குழாய்க்குள்ளேயே நுண்குழாய் பொருத்தி, நாள் முழுக்க அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். இடையில் டாக்டர் ஒருவர் அறைக்குள் வந்து பிரஷர் பார்ப்பார். அவர் வந்த நான்கு நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளியும் கீழ் அழுத்தம் 15 புள்ளியும் ஏறின. அவர் அங்கேயே இருக்கும்போதே மெல்ல இறங்கவும் செய்தன. ஊசி போடவில்லை, திட்டவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து நின்றார், அதற்கே இவ்வளவு. முதல் அளவை மட்டும் நம்பி வாழ்நாள் மாத்திரை எழுதக் கூடாது என்பதும், பிரஷரை வீட்டிலும் பார்த்துக்கொள்வது நல்லது என்பதும் இது போன்ற ஆய்வுகளிலிருந்து வந்த பாடங்கள்தாம்.

ஆக, மனதுக்கும் ரத்தக்குழாய்க்கும் வழி இருக்கிறது. அது எந்த வழி, எதுவரை போகும், எங்கே போகாது என்பதுதான் விஷயம். இந்த மூன்றையும் கேட்காமல் சொல்லப்படும் "மனசைச் சந்தோஷமா வச்சுக்கங்க" என்ற அறிவுரை எனக்கு எப்போதுமே கொஞ்சம் எரிச்சலூட்டும்.

வழியைப் பார்க்க அலங்காநல்லூர் வரை போய்வரலாம். விளாங்குடியிலிருந்து தூரமில்லை. தை மாதம், வாடிவாசலுக்கு எதிரே நிற்கிற இளைஞன். உள்ளே காளையின் மூச்சு கேட்கிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி நரம்பு வழியாக ஒரு சேதி அனுப்புகிறது. சிறுநீரகங்களின் தலைமாட்டில் இருக்கும் அட்ரீனல் சுரப்பி சில நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் படபடக்கிறது. ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. வாய் உலர்கிறது, செரிமானம் நிற்கிறது, கண் பாவை விரிகிறது. காயம் பட்டால் ரத்தம் சீக்கிரம் உறைவதற்கான ஏற்பாடும் கூடவே நடக்கிறது. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-ல் எழுதிய நூலில் இந்த ஆயத்த நிலையை விரிவாக விளக்கினார்: நின்று சண்டை போடு, இல்லை ஓடு.

அதற்குப் பின்னால் மெதுவாக இரண்டாவது அலை வருகிறது. ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரீனலின் வெளிப்புறத்தைத் தூண்ட, கார்ட்டிசால் சுரக்கிறது. சர்க்கரை தொடர்ந்து கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதும், அந்த நேரத்தில் அவசரமில்லாத வேலைகளை ஒத்திப்போடுவதும் இதன் பொறுப்பு. வேலை முடிந்ததும் கார்ட்டிசாலே மூளைக்குப் போய் "போதும்" என்று சொல்லித் தன் சுரப்பைத் தானே அடக்கிக்கொள்ளும். காளை எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது. இளைஞன் திமிலைப் பிடித்தானோ, புழுதியில் விழுந்தானோ, கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். ஈரல் விட்ட சர்க்கரையை அவன் தசைகள் எரித்துத் தீர்த்திருக்கும்.

இப்போது விளாங்குடிக்கே திரும்பி வந்து, செவ்வாய்க்கிழமை காலையை நினைத்துப் பாருங்கள். பத்து மணிக்குக் குழுக் கடன் சென்டர் மீட்டிங். வாரத் தவணையில் எண்ணூறு ரூபாய் குறைகிறது. ஞாயிறு ராத்திரியே, கிளினிக்கில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு உறக்கம் போய்விட்டது. அதே ஹைபோதலாமஸ், அதே அட்ரினலின், அதே கார்ட்டிசால். வாடிவாசலுக்கு இருப்பது போல இதற்கு எல்லைக் கோடு கிடையாது. இந்தச் செவ்வாய் போனால் அடுத்த செவ்வாய் வரும். ஈரல் இறக்கிவிட்ட சர்க்கரையை எரிக்க யாரும் ஓடவில்லை. அவர் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். கார்ட்டிசால் மாதக்கணக்கில் மிகுந்தால் இன்சுலின் சொல்வதைத் திசுக்கள் சரியாகக் கேட்பதில்லை, கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, அழுத்தம் இறங்க மறுக்கிறது. ஆபத்தில் உயிரைக் காக்க அமைந்த ஏற்பாடு, தீராத கடனுக்கு முன்னால் ஆளையே அரிக்கத் தொடங்குகிறது. ஹான்ஸ் செலி 1936-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு குறிப்பில் எலிகளிடம் இதன் தடயங்களைக் காட்டினார்: குளிரோ, காயமோ, நஞ்சோ, எதற்கு ஆட்படுத்தினாலும் அட்ரீனல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்குத் தேவையான தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது.

எலிக்குச் சரி. மனிதர்களிடம் இதை எப்படிப் பார்ப்பது?

அரப்பாளையம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். ஒரே பஸ், ஒரே வெயில், ஒரே புகை. டிரைவர் எட்டு மணி நேரம் சீட்டை விட்டு எழுவதில்லை. கண்டக்டர் எட்டு மணி நேரம் உட்காருவதில்லை. "உள்ள போங்கண்ணே, படியில நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே பின்படிக்கட்டிலிருந்து முன்படிக்கட்டு வரை நெரிசலில் புகுந்து வருகிறார். காசு வாங்காத மகளிர் டிக்கெட்டையும் அவர் போய்த்தான் கொடுக்க வேண்டும். சம்பளத்திலும் குடும்பச் சூழலிலும் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆய்வாளருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது.

அப்படி யோசித்தவர் ஜெர்ரி மோரிஸ். லண்டனின் இரட்டை மாடி பஸ்கள் உள்ளிட்ட பொதுப் போக்குவரத்தில் வேலை பார்த்த ஏறக்குறைய 31,000 ஆண்களின் நோய்ப் பதிவுகளை எடுத்துக்கொண்டார். லண்டன் கண்டக்டர்கள் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறி இறங்கினார்கள். 1953-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது, உடனடிச் சாவும் குறைவு. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு முதல் பெரிய சான்று இதுதான். அதுவரை பல மருத்துவர்கள், உழைப்பு இதயத்தைத் தேய்க்கும் என்ற எண்ணத்தில் இருந்தார்கள்.

பெரும்பாலான புத்தகங்கள் கதையை இங்கேயே முடித்துவிடும். எனக்குப் பிடித்தது இதற்குப் பிந்தைய பகுதி. மோரிஸுக்குத் தன் முடிவின் மேலேயே சந்தேகம் வந்தது. டிரைவர் வேலைக்குச் சேர்கிறவர்களே முதலிலிருந்து வேறு மாதிரி ஆட்களாக இருந்தால்? வேலையில் சேர்ந்தபோது அவர்கள் எடை என்ன என்று பதிவு இல்லை. ஆனால் யூனிபாரம் தைத்த கணக்கு இருந்தது. கால்சட்டையின் இடுப்பு அளவு! அதை எடுத்துப் பார்த்தால், எந்த வயதுப் பிரிவிலும் டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. இளவயது டிரைவர்களிடமே அந்த வித்தியாசம் இருந்தது. அதாவது எல்லாவற்றையும் சீட்டின் தலையில் கட்ட முடியாது. 1956-ல் இதையும் மறைக்காமல் அதே 'லான்செட்'டில் வெளியிட்டார். போதாக்குறைக்கு டிரைவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. நேரம், சிக்னல், குறுக்கே பாயும் பைக், எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு, எதுவும் அவர் கையில் இல்லை. எந்தப் பங்கு உட்கார்ந்திருப்பதால், எந்தப் பங்கு உடல்வாகால், எந்தப் பங்கு மன அழுத்தத்தால் என்று பிரிக்கப் பிற்பாடு ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டியிருந்தது. அந்த ஆய்வுகளிலும் உழைப்பின் நன்மை நின்றது. மோரிஸ் தன் கண்டுபிடிப்பைத் தானும் கடைப்பிடித்து 99 வயது வரை இருந்தார் என்பது சான்று ஆகாது, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

"எதுவும் அவர் கையில் இல்லை" என்பதை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். பெரிய பதவிக்காரருக்குத்தான் டென்ஷன், அதனால் அவருக்குத்தான் ஹார்ட் அட்டாக் என்று நாம் நம்புகிறோம். சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது எப்போதும் முதலாளிதான். பிரிட்டன் அரசு ஊழியர்களில் ஏறக்குறைய 18,000 ஆண்களை 1967 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு இதைத் தலைகீழாகக் கவிழ்த்தது. மைக்கேல் மார்மட்டும் அவருடைய சகாக்களும் கண்டது இது: அடிமட்டப் பிரிவில் இருந்த கதவுக் காவலாளிகளும் தபால் தூக்குகிறவர்களும் உயரதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். சிகரெட், கொழுப்பு, பிரஷர் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மிச்சம் நின்றது. பெண்களையும் சேர்த்து 1985-ல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு, அந்த மிச்சத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்று காட்டியது: தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம்.

கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வெளிவந்தது. மாரடைப்பு வந்தவர்கள் சுமார் 15,000 பேர், வராதவர்கள் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. எந்நேரமும் மன அழுத்தத்தில் இருந்ததாகச் சொன்னவர்களுக்கு மாரடைப்புக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59-ல். இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கேள்வி, மாரடைப்பு வந்த பிறகு கேட்கப்பட்டது. ஐ.சி.யூ.விலிருந்து பிழைத்து வந்தவர் "ஏன் எனக்கு வந்தது" என்று தன் வாழ்க்கையைத் துருவித் தேடத்தான் செய்வார். தேடினால் யாருக்கும் டென்ஷன் கிடைக்கும். ஆகவே "இரண்டு மடங்கு" என்பதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வது நல்லது.

அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆய்வு ஒன்று உண்டு. அதில் யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை, புண்ணைப் பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் 26 பெண்களைச் சேர்த்திருந்தார். 13 பேர், மறதி நோயில் கிடக்கும் உறவினருக்குப் பணிவிடை செய்கிறவர்கள். மற்ற 13 பேர் அதே வயதும் வருமானமும் உள்ள, அப்படிப்பட்ட சுமை இல்லாதவர்கள். எல்லோர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரி சின்னக் காயம் செய்யப்பட்டது. சுமையில்லாதவர்களுக்கு அது முழுதாக ஆறச் சராசரியாக 39 நாள். பணிவிடை செய்தவர்களுக்கு 49 நாள் அளவுக்குப் போனது. காயம் ஒன்று, மருந்து ஒன்று, ஒன்பது நாளுக்கு மேல் தாமதம். மூன்று ஆண்டு கழித்துப் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் இதே போலச் செய்தார்கள். ஒரு காயம் கோடை விடுமுறையில், இன்னொன்று பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால். பரீட்சைக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் எடுத்தது. காயத்தைச் சுத்தம் செய்து கட்டியெழுப்பும் வேலையைத் தொடங்கிவைக்கிற ரசாயனச் சமிக்ஞைகள் அவர்களிடம் குறைந்திருந்தன. அவசரமில்லாத வேலைகளைக் கார்ட்டிசால் ஒத்திப்போடும் என்றோமே, தோலை ஒட்டவைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

மதுரைப் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த 13 பெண்கள் யாரென்று தெரியும். நோயாளிக்குக் கட்டில் இருக்கிறது, சார்ட் இருக்கிறது. துணைக்கு வந்த மகளுக்கோ மருமகளுக்கோ எதுவும் இல்லை. அவருக்கும் சுகர் இருக்கலாம், அவர் காலிலும் ஒரு கொப்புளம் இருக்கலாம். அதை யாரும் கேட்பதில்லை. சர்க்கரைப் புண் ஆறாததற்குச் சர்க்கரையை மட்டுமே குற்றம் சொல்வது பாதிக் கணக்கு என்று இந்தச் சின்னக் காயங்கள் சொல்கின்றன.

அடுத்து உறக்கம். இதில் மதுரைக்காரர்களுக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி. தூங்கா நகரம் என்பது நமக்குப் பெருமை. ராத்திரி இரண்டு மணிக்கும் இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கும், மாட்டுத்தாவணியில் லோடு இறங்கும். 1892-ல் ஹார்வி மில் வந்த காலம் தொட்டு மில் சங்கை வைத்தே ஊர் நேரம் பார்த்த வட்டாரம் இது. ஹார்வி மில்லுக்கும் பரவை மீனாட்சி மில்லுக்கும் ஷிப்ட் போன தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் இன்று ஆஸ்பத்திரியிலும் ஏ.டி.எம். வாசலிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் நைட் டூட்டி பார்க்கிறார்கள். ஈவ் வான் காவ்ட்டர் என்ற ஆய்வாளர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இது: ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவு, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார். ஆறே இரவில், அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் சரிந்து, நீரிழிவின் தொடக்க நிலையில் இருப்பவர்களைப் போல ஆனது. மாலையில் கார்ட்டிசால் கூடியிருந்தது. 2015-ல் வந்த வேறொரு ஆய்வில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல். இரவில் உடம்பு சர்க்கரையைப் பகலைப்போல் சமாளிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு நாலு பரோட்டா, சால்னா. அதே நாலு பரோட்டாவை மதியம் சாப்பிட்டிருந்தால் சேதம் குறைவு. (சாப்பிடவே வேண்டாம் என்று மதுரையில் உட்கார்ந்து எழுதும் துணிச்சல் எனக்கில்லை.)

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் புளுகும் ஏராளம்.

வயிற்றுப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கவலைப்பட்டால் அல்சர் வரும் என்பதில் டாக்டர்களே உறுதியாக இருந்த காலம் உண்டு. செலியின் எலிகள் அதற்கு ஆதாரம். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1980-களின் தொடக்கத்தில், பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்றார்கள். பலரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அதுவரை "மனச நிம்மதியா வச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேருக்குத் தேவைப்பட்டது ஆன்டிபயாடிக். அழுத்தத்துக்கு ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் கிருமியைப் பார்க்காமல் மனதைக் குற்றம் சொன்னது மருத்துவத்தின் தவறு.

இதைவிடக் கொடுமை புற்றுநோய் விஷயத்தில் நடக்கிறது. "மன உறுதியால் கேன்சரை வென்றார்" என்று தலைப்புப் போடும்போது, தோற்றவருக்கு உறுதி போதவில்லை என்று சொல்லாமல் சொல்கிறோம். மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்கு மன ஆதரவுக் குழு வைத்தால் ஆயுள் இரட்டிப்பாகிறது என்று 1989-ல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. 2001-ல் கனடாவில் 235 பெண்களை வைத்து மறுபடி செய்தபோது, குழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆயுள் ஒன்றுதான், ஏறக்குறைய 18 மாதம். வலியும் மனத்துயரமும் குறைந்தன. அதுவே செய்யத் தகுந்த காரணம். ஆயுளைக் கூட்டும் என்று பொய் சொல்லத் தேவையில்லை.

சந்தோஷம்? பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2015-ல் வந்தது. சந்தோஷமில்லாதவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதுதான் மேலோட்டமான கணக்கு. ஆனால் ஏற்கெனவே நோயுற்றிருந்ததால்தான் அவர்கள் சந்தோஷமில்லாமல் இருந்தார்கள். அதைக் கழித்ததும் வித்தியாசம் மறைந்தது. சிரித்த முகமாக இருப்பது ஆயுளைக் கூட்டவில்லை, முகம் சுளிப்பது குறைக்கவில்லை. சிடுமூஞ்சி மாமனார்கள் எப்படித் தொண்ணூறு வரை இருக்கிறார்கள் என்று யோசிப்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது. மனம் உடம்பை அடைவது எண்ணத்தின் மந்திர சக்தியால் அல்ல. தீராத சுமை, கெட்ட உறக்கம், கையில் இல்லாத வேலை, நடக்க வழியில்லாத நாள், பேச ஆளில்லாத வீடு ஆகியவற்றின் வழியாக. கடைசியாகச் சொன்னது சாதாரணமில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடங்கிய 148 ஆய்வுகளைத் தொகுத்து ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் 2010-ல் வெளியிட்ட கணக்கில், உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம். ஆகவே ஒருவரைப் பார்த்து "டென்ஷன் ஆகாதீங்க" என்பதைவிட, அவர் வாழ்கிற நாளை மாற்றினால்தான் பலன் உண்டு. அதற்கு நம் ஊர்ச் சான்றே இருக்கிறது.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களின் நடுவில் இரண்டு குடியிருப்புகளை ஆய்வுக்கு எடுத்தார்கள். நடுத்தர வர்க்கத்தார் வாழும் ஏஷியாட் காலனி, எளிய மக்கள் வாழும் பாரதி நகர். ஏஷியாட் காலனிக்காரர்கள் தங்களில் எத்தனை பேருக்குச் சுகர் என்று தெரிந்ததும் பயந்துபோனார்கள். கூட்டங்கள் நடந்தன. பிறகு தாங்களே பணம் திரட்டி நடப்பதற்கென்று ஒரு பூங்கா அமைத்தார்கள். உடற்பயிற்சி செய்கிறவர்கள் நூற்றுக்கு 14 என்று இருந்தது, சில ஆண்டுகளில் 59 ஆனது. தனித்தனியாக யாருக்கும் மனவுறுதி கூடிவிடவில்லை. வாசலில் இடம் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அங்கே நீரிழிவு 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆக மட்டுமே ஏறியிருந்தது. பாரதி நகரில் 6.5 ஆக இருந்தது 15.3 ஆகிவிட்டது. சுகர் பணக்காரர் நோய் என்ற பேச்சுக்கு அங்கேயே முடிவு கட்டலாம். அதே குழு சென்னையில் 25,000 பேருக்கு மேல் பார்த்த கணக்கில் மனச்சோர்வு 15 சதவீதம், அதுவும் வருமானம் குறைந்தவர்களிடம் இன்னும் அதிகம். வறுமை, சோர்வு, சுகர் மூன்றும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன.

மறுபடி விளாங்குடிக்கு வருவோம். பேரூராட்சியாக இருந்த இது 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. வீடுகள் நெருங்கிவிட்டன. காலையில் திண்டுக்கல் ரோட்டோரம் நடப்பவருக்கு லாரியைப் பார்த்து ஒதுங்குவதிலேயே பாதி நேரம் போகிறது. அவருக்கு நடையால் பிரஷர் இறங்குமா, லாரியால் ஏறுமா என்று தெரியாது. கண்மாய்க் கரை இருக்கிறது. அதைச் சீராக்கி, விளக்கும் நாலு பெஞ்சும் போட்டால் அது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமமான காரியம். பெஞ்சை விட்டுவிடாதீர்கள். நடந்தவர்கள் உட்கார்ந்து பேசுவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

கடைசியாக, "பார்டர்ல இருக்கு" என்று லேப் ரிப்போர்ட்டில் எழுதி வாங்கி, அதை பீரோவில் வைத்திருப்பவர்களுக்கு. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 140-க்கும் 199-க்கும் நடுவில் இருந்தால் அதுதான் பார்டர். இப்படிப்பட்ட 531 பேரைச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டு பின்தொடர்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேர் முழு நீரிழிவு நோயாளிகள் ஆனார்கள். தினம் அரை மணி நேர வேக நடையும் அளவான சாப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபம் இல்லை. நடந்தவர்களுக்கு எடை சொல்லும்படி குறையவும் இல்லை. எடை குறையாமலே இந்தப் பலன். ஏற்கெனவே சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்த ஆய்வு உங்களைப் பற்றியதல்ல, நடை உங்களுக்கு மாத்திரையோடு சேர்த்து. மனம் ரொம்பவும் கனத்து, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மனாஸ் சேவை அது, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.